நம்பர் தெரிந்தும் திறக்காத பெட்டி

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, "விடுதி நினைவுகள் எழுதட்டுமா அண்ணே?" என்று கேட்டேன். "அதை எழுத நாற்பது பேர் வரிசையில நிக்கிறாங்க. நீ வேற ஏதாவது எழுதுப்பா. சரித்திரமா இருந்தா நல்லது" என்றார். எனக்கு மூன்று வருடம் சீனியர். அவர் சொல்லி மறுத்துப் பழக்கமில்லை. ஆனால் 2010-ல் மெக்கானிக்கல் முடித்து வெளியே வந்தவனுக்குச் சரித்திரம் எங்கே தெரியும்? தெரிந்தது ஒரே ஒரு பூட்டின் சரித்திரம்தான். அதையும் புத்தக ஆசையால் தெரிந்துகொள்ளவில்லை, வசமாக மாட்டிக்கொண்டு தெரிந்துகொண்டேன்.

2018 ஜனவரி. பொங்கல் முடிந்த வாரம். கம்பெனி வேலையாக அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் ஆறு மாதம் இருந்தேன். சுற்றிலும் சோளக்காடு, நடுவில் ஒரு கடைத்தெரு, ஒரு தேவாலயம், அவ்வளவுதான் ஊர். ரிட்டையர்டு பள்ளி ஆசிரியர் ஒருவரின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார். எனக்கு வாய் வராது, 'சார்' என்றே காலத்தை ஓட்டினேன். இங்கே தாத்தா என்று சொல்லிவிடுகிறேன், அதுதான் பொருத்தமாக இருக்கிறது.

தாத்தா வீட்டுக் கூடத்தில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. பெட்டி என்றால் நம் ஊர் நகைக்கடை கல்லாவுக்குப் பின்னால் இருப்பது மாதிரி அல்ல, என் இடுப்பு உயரம், யானைக்குட்டி கனம். அவருடைய அப்பா வேலை பார்த்த வங்கி 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் மூடப்பட்டபோது, ஏலத்தில் எடுத்து வந்ததாம். அதற்குள் வீட்டுப் பத்திரம், அவர் மனைவியின் சில நகைகள், பழைய கடிதங்கள். "உன் பாஸ்போர்ட்டையும் இதிலேயே வை, மாடியில் போட்டு வைக்காதே" என்றார். வைத்தேன்.

நான் செவ்வாய்க்கிழமை மதியம் சிகாகோவில் விமானம் ஏற வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை என் தங்கைக்குக் கல்யாணம். முந்தின வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு, டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் ஒருமுறை சரிபார்க்கலாம் என்று தாத்தாவைப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். திறந்துவிட்டு அவர் காபி போடப் போனார்.

அப்போதுதான் கதவின் உள்பக்கத்தைக் கவனித்தேன். கண்ணாடி போட்ட ஒரு பித்தளைக் கூட்டுக்குள் மூன்று சின்னக் கடிகாரங்கள் வரிசையாக இருந்தன. மணி காட்டும் முள் இல்லை. ஒவ்வொரு வட்டத்திலும் 0 முதல் 72 வரை எண்கள், அவ்வளவுதான். மூன்றும் பூஜ்யத்தில் நின்றன. பக்கத்தில் ஒரு கொக்கியில் சாவி கொடுக்கும் சாவி தொங்கியது. மெக்கானிக்கல்காரன் கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா? முதல் கடிகாரத்துக்கு முழுசாக, நிற்கும் வரை சாவி கொடுத்தேன். 'டிக் டிக்' என்று ஓட ஆரம்பித்தது பாருங்கள், அந்தச் சந்தோஷம்! இரண்டாவதற்கு நாற்பது வரை. மூன்றாவதற்குப் பன்னிரண்டு வரை. அதற்குள் காபி வந்தது. தாத்தா பேசிக்கொண்டே வந்து கதவைச் சாத்தினார், கைப்பிடியைத் திருப்பினார், நம்பர் வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். பாஸ்போர்ட் இன்னும் உள்ளேதான் இருந்தது.

திரும்பத் திறக்கப் பார்த்தால் நம்பர் சரியாக விழுகிறது, கைப்பிடி அசையவில்லை. மறுபடியும் போட்டார். அசையவில்லை. கடைசியில் என்னைத் திரும்பிப் பார்த்து, "அந்தக் கடிகாரங்களைத் தொட்டாயா?" என்று கேட்டார். நான் காபியைக் கீழே வைத்தேன்.

டைம் லாக் என்று பெயர். நேரப் பூட்டு என்று சொல்லலாம். இது நம்பர் பூட்டுக்குப் பதிலாக வருவதல்ல, அதற்கு மேலே ஒரு காவல். கதவின் உள்பக்கத் தாழ்கள் பின்னால் போக முடியாதபடி ஒரு தண்டு குறுக்கே நிற்கும். கடிகாரத்தில் எத்தனை மணி நேரம் வைத்தோமோ அது ஓடித் தீர்ந்து பூஜ்யத்துக்கு வரும்போது, வட்டத்திலிருக்கும் ஒரு முனை நெம்புகோலைத் தள்ளித் தண்டை விலக்கும். அதுவரை நம்பர் தெரிந்தவர், சாவி வைத்திருப்பவர், முதலாளி, தயாரித்த கம்பெனிக்காரர் யார் வந்தாலும் திறக்காது. வெளியிலிருந்து அதைத் தொடுவதற்குக் கதவில் ஒரு துவாரம்கூடக் கிடையாது. சாவி கொடுக்காமல் விட்டால் அது இல்லாத மாதிரிதான். நம்பர் பூட்டு மட்டும் வேலை செய்யும். தாத்தா வீட்டில் எண்பது வருடமாக அப்படித்தான் இருந்திருக்கிறது, நான் போய்ச் சேரும் வரை.

சொந்தக்காரனையே வெளியே நிறுத்தும் பூட்டை எவன் செய்வான் என்று அன்று ராத்திரி எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சனிக்கிழமை ஊர் நூலகத்தில் உட்கார்ந்து தேடியபோதுதான் விடை கிடைத்தது.

1876 ஜனவரி, மாசசூசெட்ஸ் மாநிலம் நார்தாம்ப்டன். அங்குள்ள தேசிய வங்கியின் கேஷியர் ஜான் விட்டல்சி. அந்தக் காலத்து அமெரிக்க வங்கியில் கேஷியர் என்றால் கவுண்டரில் நோட்டு எண்ணுபவர் அல்ல. ஏறக்குறைய நம் ஊர் வங்கி மேனேஜர். 25-ஆம் தேதி நள்ளிரவு கழிந்து, முகமூடி போட்ட ஒரு கும்பல் அவருடைய வீட்டுக்குள் நுழைந்தது. வீட்டிலிருந்த எல்லோரையும் கட்டிப் போட்டார்கள். விட்டல்சியைத் தனியாக வைத்துத் துன்புறுத்தி, பெட்டகத்தின் எண்களைக் கேட்டார்கள். மனுஷன் எவ்வளவு தாங்குவார்? சொல்லிவிட்டார். வங்கிக்குப் போய் எண்ணைப் போட்டுத் திறந்து எடுத்துக்கொண்டு போனார்கள். பெரும்பாலும் பத்திரங்கள், மொத்த மதிப்பு பத்து லட்சம் டாலருக்கும் மேல். கும்பலின் தலைவர்களான ஸ்காட், டன்லப் இருவரும் பிறகு பிடிபட்டுச் சிறைக்குப் போனார்கள். பெட்டகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த நிபுணர் ஒருவரே அவர்களுக்குக் கையாளாக இருந்தார் என்பதும் வெளிவந்தது.

இதில் பூட்டின் மேல் என்ன தப்பு? ஒன்றுமில்லை. பூட்டு உடையவில்லை, யாரும் துளை போடவில்லை. அது சொன்ன எண்ணுக்குத் திறந்தது, அவ்வளவுதான். எஃகுக் கதவை எத்தனை அங்குலம் தடிமனாக்கினாலும் எண் ஒரு மனிதனின் தலைக்குள் இருக்கிறதே! திருடர்கள் கதவை விட்டுவிட்டு ஆளைத் திறக்க ஆரம்பித்தார்கள். நம் ஊர் வங்கிகளில் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, ஒன்று மேனேஜரிடம், ஒன்று ஹெட் கேஷியரிடம் என்று வைத்திருக்கிறோம். அது ஒருவரே எடுத்துக்கொண்டு ஓடாமல் இருக்க நல்ல ஏற்பாடு. ஆனால் ராத்திரி இரண்டு வீட்டுக்கும் கத்தியோடு ஆள் போனால்?

இதற்கு மருந்து நார்தாம்ப்டன் கொள்ளைக்கு முன்பே தயாராக இருந்தது என்பதுதான் வேடிக்கை. கடிகாரத்தைப் பூட்டோடு சேர்க்கும் யோசனை புதிதல்ல. ஸ்காட்லாந்தில் ஜெட்பரோ என்ற ஊரின் வங்கி ஏஜென்ட் வில்லியம் ரதர்போர்ட் 1831-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். ஆனால் வங்கிக்காரர்கள் நம்பி வாங்கும்படி செய்து காட்டியவர் நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டர் நகரத்து ஜேம்ஸ் சார்ஜென்ட். 1824-ல் பிறந்தவர். போட்டிக் கம்பெனிகளின் பூட்டுகளைத் திறந்து காட்டியே பெயர் வாங்கியவர்! மற்றவன் பூட்டைத் திறக்கத் தெரிந்தவனுக்குத்தான் நல்ல பூட்டு செய்யத் தெரியும் போலிருக்கிறது. 1873-ல் தன் டைம் லாக்கை உருவாக்கினார். 1874-ல் முதல் பூட்டைப் பொருத்தினார். எங்கே? இல்லினாய் மாநிலம், மாரிசன் என்ற சின்ன ஊரின் ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கியில். இதைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். தாத்தா வீட்டிலிருந்து மாரிசன் காரில் ஒரு மணி நேரத் தூரம்தான்! அந்த வழியாக நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஒரு டீக்கடை கூட இல்லாத ஊர் என்று அலுத்துக்கொண்டே.

இரண்டு வருடம் வரை பூட்டுக்குப் பெரிய வரவேற்பில்லை. கடிகாரம் நின்றுபோனால் வங்கியே நடுத்தெருவில் நிற்குமே என்று பயந்தார்கள். நியாயமான பயம்தான், என்னைக் கேட்டால் சத்தியம் பண்ணிச் சொல்வேன். நார்தாம்ப்டன் சேதி பரவியதும் பயம் இடம் மாறியது. வங்கிகள் வரிசையில் நின்று வாங்கின.

நிற்க. நம் பெட்டிக்கு வருவோம். மூன்று கடிகாரத்தில் ஏதாவது ஒன்று பூஜ்யத்துக்கு வந்தாலே போதும், தண்டு விலகிவிடும். நான் மூன்றாவதற்குக் கொடுத்தது பன்னிரண்டு மணி நேரம். அப்படியானால் சனிக்கிழமை காலை ஒன்பதுக்குத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அந்தக் கடிகாரம் நடுவழியில் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

தாத்தா தொலைபேசியில் ஒரு பெட்டக மெக்கானிக்கைப் பிடித்தார். அவருக்கு இது புதிதல்ல. "எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும்" என்றார். ரப்பர் சுத்தியலால் கதவில், கடிகாரங்கள் இருக்கும் உயரத்தில், மெதுவாகத் தட்டச் சொன்னார். நின்ற கடிகாரம் சில சமயம் அந்த அதிர்வில் மறுபடி ஓடுமாம். பலமாக அடித்தால் ஓடுகிற கடிகாரமும் நின்றுபோகலாம், அதனால் குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பது போலத் தட்ட வேண்டும் என்றார். துளை போடலாமா என்று கேட்டதற்கு, போடலாம், ஆனால் உள்ளே கடினப்படுத்திய எஃகுத் தகடு இருக்கிறது, எங்கே போட வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், ஒரு நாள் முழுக்க ஆகலாம், பழைய பெட்டியின் மதிப்பும் போய்விடும், "காத்திருப்பதுதான் மலிவு" என்றார். முழுச் சாவி கொடுத்த கடிகாரம் எழுபத்திரண்டு மணி. திங்கள் ராத்திரி ஒன்பது. அப்போதும் திறக்காவிட்டால் செவ்வாய் காலை ஆறு மணிக்கு டிரில்லோடு வருவதாகச் சொன்னார். சிகாகோ இரண்டரை மணி நேர ஓட்டம். விமானம் ஒரு மணிக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால் உதைத்தது.

சனிக்கிழமை முழுக்கத் தட்டினேன். பக்கத்து வீட்டு நர்ஸ் அம்மாவிடம் ஸ்டெதஸ்கோப் கடன் வாங்கி வந்து கதவில் வைத்துக் கேட்டோம். சத்தம் இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். "ஏன்டா, நம்பர்தான் தெரியுமே, தொறக்க வேண்டியதுதானே?" என்றார். விளக்கினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நம்ம வீட்டு பீரோவா இருந்தா ஆசாரிய கூட்டியாந்து தொறந்திருக்கலாம்" என்றார்.

ஞாயிறு மதியம் ஒரு மணி. இரண்டாவது கடிகாரத்தின் கெடு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நானும் தாத்தாவும் நின்றோம். அசையவில்லை. அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. தாத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளை ராத்திரியே அவனை வரச் சொல்கிறேன், டிரில் போடட்டும். கல்யாணத்தை விடப் பெட்டி பெரிதல்ல" என்றார். அவருடைய அப்பா கையால் தொட்ட பெட்டி அது. "வேண்டாம் சார், கெடு முடியட்டும்" என்றேன். தைரியத்தில் சொல்லவில்லை, வெட்கத்தில் சொன்னேன்.

அந்த ஞாயிறு சாயங்காலம்தான் நார்த்ஃபீல்டு கதையைச் சொன்னார். பள்ளியில் வருடா வருடம் சொல்லிப் பழகிய வாய். பிறகு நான் புத்தகத்திலும் பார்த்துக்கொண்டேன்.

அதே 1876. செப்டம்பர் 7. மினசோட்டா மாநிலம் நார்த்ஃபீல்டு. பிற்பகல் இரண்டு மணி வாக்கில் குதிரையில் எட்டுப் பேர் வந்தார்கள். ஜெஸ்ஸி ஜேம்ஸ், அவன் அண்ணன் பிராங்க், யங்கர் சகோதரர்கள், அவர்களின் கூட்டாளிகள். கௌபாய் படம் பார்த்தவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். மூன்று பேர் ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கிக்குள் போனார்கள். கேஷியர் ஊரில் இல்லை, பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுப் பொருட்காட்சிக்குப் போயிருந்தார். அவர் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் கணக்கர் ஜோசப் லீ ஹேவுட். வயது முப்பத்தொன்பது. உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர். அந்த ஊர் கார்ல்டன் கல்லூரிக்குப் பொருளாளரும் அவர்தான்.

பெட்டகத்தைத் திற என்றார்கள். ஹேவுட் சொன்ன பதில்: அதில் டைம் லாக் இருக்கிறது, இப்போது யாராலும் திறக்க முடியாது.

யோசித்துப் பாருங்கள். ஏழு மாதம் முன்பு நார்தாம்ப்டனில் விட்டல்சி சொல்ல முடியாமல் போன பதில் அது. ஆனால் பட்டப்பகல் இரண்டு மணிக்கு, வங்கி நடக்கும் நேரத்தில், எந்த டைம் லாக் பூட்டியிருக்கும்? கொள்ளைக்காரர்களும் முட்டாள்கள் அல்ல, பொய் என்று புரிந்துகொண்டார்கள். அடித்தார்கள், கழுத்தில் கத்தியை வைத்துக் கீறினார்கள், காதருகே துப்பாக்கி சுட்டு மிரட்டினார்கள். ஹேவுட் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். இதற்குள் தெருவில் ஊர்க்காரர்கள் கடையில் கிடைத்த துப்பாக்கியை எடுத்துச் சுட ஆரம்பித்துவிட்டார்கள். கும்பலில் இரண்டு பேர் தெருவிலேயே விழுந்தார்கள். ஆங்கிலம் புரியாமல் தெருவில் நின்ற ஸ்வீடன் நாட்டுக் குடியேறி ஒருவரும் சுடப்பட்டு, சில நாளில் இறந்தார். உள்ளே இருந்தவர்கள் ஓடும்போது, கடைசியாகப் போனவன் திரும்பி ஹேவுட்டின் தலையில் சுட்டுவிட்டுப் போனான். எல்லாம் ஏழெட்டு நிமிடம். அவர்கள் எடுத்துச் சென்றது இருபத்தாறு டாலர் சொச்சம்.

பெட்டகம் பூட்டப்படவே இல்லை. கதவு சாத்தியிருந்தது, அவ்வளவுதான். கைப்பிடியைத் திருப்பிப் பார்க்க ஒருவனுக்கும் தோன்றவில்லை.

இரண்டு வாரம் துரத்தி யங்கர் சகோதரர்கள் மூவரையும் பிடித்தார்கள். ஜேம்ஸ் சகோதரர்கள் தப்பிவிட்டார்கள். அந்த வங்கிக் கட்டடம் பிறகு அருங்காட்சியகம் ஆனது. 1948-லிருந்து செப்டம்பர் தோறும் ஊரே கூடி விழா எடுக்கிறது. கார்ல்டன் கல்லூரியில், உயிலில் கல்லூரிக்கு எழுதி வைக்கும் பழைய மாணவர்களின் சங்கத்துக்கு ஹேவுட் பெயர்தான்.

கதையை முடித்துவிட்டுத் தாத்தா கேட்டார்: "அவர் செய்தது சரியா? இருந்தது மற்றவர்கள் பணம். வீட்டில் மனைவி, சின்னப் பெண் குழந்தை." எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் பட்டது. டைம் லாக் காப்பாற்றுவது பணத்தை மட்டுமல்ல, 'என்னால் முடியாது' என்று சொல்பவனையும்தான். அந்தச் சொல் உண்மையாக இருக்க வேண்டும், எதிராளி அதை நம்பவும் வேண்டும். ராத்திரியில் அது உண்மை, அடித்தும் பிரயோஜனம் இல்லை. பகலில் அது ஒரு தனி மனிதனின் பிடிவாதம். அமெரிக்காவில் பல கடைகளில் 'இந்தப் பெட்டியை ஊழியர்களால் திறக்க முடியாது' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதுவரை அதைத் திருடனுக்கு எழுதிய அறிவிப்பு என்று நினைத்திருந்தேன். கல்லாவில் நிற்கும் பையனின் உயிருக்கு எழுதியது அது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்காக ஒரு பொறியியல் விஷயம். (மற்றவர்கள் இந்த இரண்டு பத்தியைத் தாண்டிப் போகலாம்.) சார்ஜென்ட்டின் ஆரம்பப் பூட்டுகளில் கடிகாரம் இரண்டு, பிறகு மூன்று என்பது வழக்கமாயிற்று. எதற்கு மூன்று? திருடனைத் தடுக்க என்று நினைத்தால் தப்பு. ஏதோ ஒன்று ஓடினாலும் திறக்கும் என்பதுதான் அமைப்பு. ஆகவே கடிகாரம் கூடக் கூடப் பூட்டு பலவீனமாகிறது. ஒன்று வேகமாக ஓடினால் முன்கூட்டியே திறந்துவிடும். தெரிந்தேதான் அப்படிச் செய்தார்கள். திங்கள் காலை வாசலில் ஜனங்கள் நிற்க வங்கி திறக்கவில்லை என்றால் அந்த வங்கியின் பெயர் என்னாவது? வெள்ளி மாலை ஐந்திலிருந்து திங்கள் காலை எட்டு வரை 63 மணி நேரம். அதற்குத்தான் 72 மணிக் கடிகாரம். திங்களும் விடுமுறை என்றால் 87 ஆகிவிடும், பற்றாது. பின்னால் 96, 120, 144 மணி வரை ஓடும் கடிகாரங்கள் வந்தன. சாயங்காலம் கணக்கைத் தப்பாகப் போட்டுச் சாவி கொடுத்தால் வங்கிக்கு ஒரு நாள் கட்டாய விடுமுறை!

ஒரு கடிகாரம் நிற்க நூற்றில் ஒரு வாய்ப்பு என்றால், மூன்றும் சேர்ந்து நிற்கப் பத்து லட்சத்தில் ஒன்று. தேர்வில் இப்படி எழுதினால் முழு மார்க். ஆனால் நம் ஒர்க்ஷாப் போர்மன் ஐயா மார்க் போட மாட்டார். எங்கள் மூன்றாம் வருடத்தில், பரீட்சைக்கு முந்தின ராத்திரி விடுதியில் கரண்ட் போனது ஞாபகமிருக்கிறதா? ஜெனரேட்டர் ஒன்றுக்கு இரண்டாக இருந்தது, இரண்டும் நின்றது. மறுநாள் ஐயா வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இஞ்சின் ரெண்டு வச்சீங்க, டீசல் டாங்க் ஒண்ணுதான வச்சிருக்கீங்க?" மூன்று கடிகாரத்துக்கும் ஒரே நாளில் ஒரே எண்ணெய் போடுகிறார்கள், ஒரே கூட்டுக்குள் எண்பது வருடம் காய்கிறது. ஒன்று நிற்கும் காரணமே மற்ற இரண்டுக்கும் காரணம். அப்புறம் எங்கே பத்து லட்சம்? பழைய பெட்டிகள் சொந்தக்காரரைக் கைவிடுவது பெரும்பாலும் இப்படித்தான். ஞாயிறு ராத்திரி படுக்கையில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

திங்கள். வேலைக்குப் போனேன், என்ன செய்தேன் என்று நினைவில்லை. எட்டு மணிக்கே தாத்தாவும் நானும் பெட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டோம். பக்கத்து வீட்டு நர்ஸ் அம்மாவும் வந்துவிட்டார், ஸ்டெதஸ்கோப் அவருடையது ஆயிற்றே. அவர் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டு, "ஒன்று ஓடுகிறது" என்றார். ஒன்றா, நிச்சயமா? "இருபது வருடமாக இதைத்தான் கேட்கிறேன்" என்றார்.

ஒன்பது ஆயிற்று. தாத்தா நம்பரைப் போட்டார், கைப்பிடி அசையவில்லை. ஒன்பதே கால். ஒன்பதரை. ஊரில் அப்போது செவ்வாய் காலை. அம்மாவின் போன் இரண்டு தரம் வந்தது, எடுக்கவில்லை. பத்தாக எட்டு நிமிடம் இருக்கும்போது கதவுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம், பேனா மூடி விழுந்த மாதிரி. மூன்று பேருமே கேட்டோம். தாத்தா எழுந்து கைப்பிடியைத் திருப்பினார். திரும்பியது.

முதலில் பாஸ்போர்ட்டை எடுத்தேன். பிறகு மூவரும் கதவின் உள்பக்கத்தைப் பார்த்தோம். முதல் கடிகாரம் பூஜ்யத்தில் இருந்தது. எண்பது வருடத்துக்குப் பிறகு மூன்று நாள் ஓடி, ஐம்பத்திரண்டு நிமிடம் தாமதம். இரண்டாவது 31-ல் நின்றிருந்தது. மூன்றாவது 11-ஐத் தாண்டவே இல்லை. நான் சாவி கொடுத்துக் கையை எடுத்த கொஞ்ச நேரத்திலேயே அது படுத்துவிட்டிருக்கிறது. நான் தட்டிய தட்டு இரண்டுக்கும் உறைக்கவே இல்லை.

தாத்தா கொக்கியிலிருந்து அந்தச் சின்னச் சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கல்யாணப் போட்டோ அனுப்பு" என்றார். வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு வியாழன் மதியமே வந்து சேர்ந்தேன். மண்டப வாசலில் அம்மா கேட்ட முதல் கேள்வி, "பாஸ்போர்ட்ட இப்ப எங்கடா வச்சிருக்க?"